மணிக்கு எட்டு கிலோமீட்டர்

என் ரயில் ஒன்றரை மீட்டர் மேசையைக் கடக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் செல்போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் "கரண்ட் கம்மியா இருக்கா?" என்று கேட்பார்கள். இரண்டு கூட்டத்தின் மீதும் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிழைப்புக்கு நான் பல் செட் செய்கிறேன். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுப்பேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவர் வாயை மூட முடியாது. அந்தப் புத்தி ரயிலிலும் வந்து ஒட்டிக்கொண்டது. நிஜ ரயில் எந்த வேகத்தில் போகுமோ, என் ரயிலும் அதே கணக்கில்தான் போக வேண்டும். எண்பத்தேழு மீட்டர் என் மேசையில் ஒரு மீட்டர். நிஜ வண்டி எண்பத்தேழு மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகுமோ, என் வண்டி ஒரு மீட்டரைக் கடக்க அத்தனை நொடி ஆக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பொம்மை ரயில் ஆட்கள் கூடுகிற சங்கம் ஒன்று உண்டு. அங்கே எனக்கு "நத்தை" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறோம் என்று ஓட்டுவதைப் பெருக்கிப் பார்த்தால் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வரும். அதில் பயணி இருந்தால் வளைவில் ஜன்னல் வழியாகப் பறந்து போயிருப்பான். இதைச் சொன்னதால்தான் அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் அதைவிட ஒரு படி மேலே போய், என் ரயில் அறைக்கு "ஐ.சி.யூ." என்று பெயர் வைத்தார். உள்ளே யாரும் சத்தம் போடக் கூடாது, எல்லாம் மெதுவாகத்தான் அசையும் என்பது அவருடைய விளக்கம்.

என் தம்பி மட்டும் கிண்டல் செய்ததில்லை. அவன் நிஜ எஞ்சினே ஓட்டுகிறவன். சிமெண்ட் ஆலை ஒன்றில், ஆலைக்குள்ளேயே வேகன்களை இழுக்கவும் தள்ளவும் வைத்திருக்கிற பழைய டீசல் எஞ்சின் அவனுடையது. பதினேழு வருட வேலை. நாள் முழுக்க ஒரே ரயிலோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு என் ரயிலைப் பார்க்க என்ன ஆசை இருக்கும்? வருவான், டீ குடிப்பான், போவான்.

அந்தத் தம்பி ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வேலை நேரத்தில், யூனிஃபார்ம் இல்லாமல் என் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு உறை.

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கக்கா."

முதல் நாள் மதியம் ஆறு வேகன்களில் சரக்கோடு எஞ்சினைப் பின்னால் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். கேட்டைத் தாண்டி வருகிற வளைவில் முன்னால் போன வேகன் தண்டவாளத்தை விட்டு இறங்கி, எடை மேடை அறையின் சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. உள்ளே இருந்தவர் சாப்பிடப் போயிருந்ததால் உயிர் தப்பினார். ஆலைக்குள் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தம்பி இருபதுக்குக் குறையாமல் போனான் என்று மேனேஜர் குற்றப்பத்திரிகை கொடுத்திருந்தார். பதினோராம் நாள் விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும்.

"எட்டுலதான் போனேன்க்கா. நம்பு."

"மீட்டர்ல பதிவாகியிருக்குமேடா?"

"அந்த எஞ்சின்ல முள்ளு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எஞ்சின் சத்தத்தை வச்சுதான் ஓட்டுறோம். அந்த வளைவுல தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற கட்டை எல்லாம் உளுத்துப் போயிருக்குன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். இப்ப அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல."

உறைக்குள் இருந்ததைப் படித்தேன். ஒரே ஒரு சாட்சி. கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன். "வண்டி படுவேகமாக வந்தது" என்று தட்டச்சு செய்து அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"அந்த ஆளு பொய் சொல்ற ஆளா?"

"சேச்சே. நல்ல மனுஷன். அவரு அப்படி எழுதினதுதான் எனக்குப் புரியல."

இவன் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. மகள் கல்லூரியில் முதல் வருடம். அதைவிட, வேகமாக ஓட்டி விபத்து செய்தவன் என்று எழுதி அனுப்பிவிட்டால் வேறு எந்த ஆலையும் இவனை எஞ்சின் பக்கம் விடாது. நாற்பத்தைந்து வயதில் வேறு என்ன தொழிலுக்குப் போவான்?

படித்துக்கொண்டே இருந்தேன். "படுவேகம்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே என் கண் நின்றது. வேகம் என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வியோடுதான் நான் பதினைந்து வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மேசையில் நாற்பதில் போகிற ரயிலைப் பார்த்துச் சிலர் தூங்குகிறது என்பார்கள். அதே ரயிலைக் குனிந்து தண்டவாள மட்டத்தில் பார்த்தால் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். யாருக்கும் எண் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். அந்த வாட்ச்மேன் அண்ணனை அதே இடத்தில் உட்கார வைத்து, அதே வண்டியை அளவோடு ஓட்டிக் காட்டினால், "இதுதான்" என்று அவரே சொல்வார்.

"டேய், இந்த இடத்தை நான் செய்யப் போறேன்."

"எந்த இடத்தை?"

"கேட்டு, கோடவுனு, வளைவு, எல்லாம். நீ போய் விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு எழுது. செயல்முறை விளக்கம் காட்ட அனுமதி வேணும்னு."

அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. மூழ்குகிறவனிடம் சோப்பு நீட்டினால் இப்படித்தான் பார்ப்பான். ஆனாலும் எழுதினான். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிற அதிகாரி ஒரு பெண்மணி என்றும், பத்து நிமிடம் தருவதாகப் பதில் வந்தது என்றும் ஐந்தாம் நாள் சொன்னான்.

அதற்குள் நான் பாதி வேலையை முடித்திருந்தேன். குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்த வரைபடத்தில் எல்லா அளவும் இருந்தது. அவர்கள் தம்பியை மாட்டிவிடப் போட்ட அளவுகள். வாட்ச்மேன் ஜன்னலிலிருந்து தண்டவாளம் இருபது மீட்டர், என் கணக்கில் ஒரு சாண். ஜன்னலில் முதல் வேகன் கண்ணில் படுகிற இடத்திலிருந்து அது தடம் இறங்கிய இடம் வரை எண்பத்திரண்டு மீட்டர். இரண்டு பழைய கதவுகளை இணைத்து அதன்மேல் தரை போட்டேன். தரைக்குப் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர். கோடவுன் சுவருக்குக் கையில் இருந்தது ஈறு பிளாஸ்டிக்தான். இரண்டு நாள் ஆலை முழுக்க ரோஜா நிறத்தில் யாரோ வாயைத் திறந்து வைத்தது போல இருந்தது, அப்புறம்தான் சாம்பல் வண்ணம் அடித்தேன். ஆறு வேகன்களிலும் நிஜ வேகனில் இருந்த ஐந்து இலக்க எண்களை எழுதினேன். எஞ்சினுக்கு நான்கு இலக்கம்.

"நம்பரெல்லாம் எதுக்கு? யாரு பார்க்கப் போறாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நம்பர் இல்லாத வேகனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

அவர் போய் வண்ணக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தார்.

சிக்கல் ஓட்டத்தில்தான் இருந்தது. பொம்மை எஞ்சினை வேகமாக ஓட்டுவது யாருக்கும் முடியும். நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று ஓட்டினால் அது திக்கும், நிற்கும், திடீரென்று குதிக்கும். எஞ்சின் வயிற்றுக்குள் பல்லுக்கு வார்க்கிற உலோகத் துண்டுகளை அடைத்துக் கனமாக்கினேன். சக்கரங்களை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மின்சாரம் எஞ்சின் சக்கரத்தில் மட்டும் ஏறினால் போதாது என்று அடுத்த இரண்டு வேகன்களின் சக்கரத்திலிருந்தும் கம்பி இழுத்தேன். ஒன்பதாம் நாள் வண்டி எண்ணெயில் வழுக்குவது போல நகர்ந்தது. ஸ்டாப்வாட்ச் பிடித்து, திருகுக் குமிழில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு, இருபது என்று நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து முறை ஓட்டினேன். எட்டில் ஓடினால் அந்த எண்பத்திரண்டு மீட்டருக்கு முப்பத்தேழு நொடி. இருபதில் பதினைந்து.

தம்பியைக் கூப்பிட்டு எட்டில் ஓட்டிக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இவ்வளவு மெதுவா நான் போகலயே."

குமிழைப் பன்னிரண்டுக்குத் திருப்பினேன். "இதுவா?"

"இன்னும் கொஞ்சம்..."

நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடம் சத்தியமாகச் சொல்கிறேன், அவன்மேல் சந்தேகம் வந்தது. கூடப்பிறந்தவன்தான், ஆனால் மனிதன் தானே, சாப்பாட்டு நேரம், அவசரம். பிறகு எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. அவன் நின்றுகொண்டு பார்க்கிறான்! மேசைக்கு மேலே இருக்கிற அவன் கண் நிஜத்தில் அறுபது எழுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் எல்லா ரயிலும் ஊர்ந்துதான் போகும்.

"உட்காருடா. மோவாயை மேசையில வை. எஞ்சின் ஜன்னல் உயரத்துல கண்ணை வச்சுக்கோ."

மறுபடி எட்டில் ஓட்டினேன். அவன் வலது கை தானாக நீண்டு, இல்லாத பிரேக்கைத் தொட்டது.

"இதான்க்கா," என்றான். "இதேதான்."

எனக்கு உயிர் வந்தது. அன்று முழுக்க ஈறு வார்க்கிற வேலையைப் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன். எனக்குப் பாட வராது.

விசாரணை அன்று நானும் வீட்டுக்காரரும் கதவுகளை ஒரு டெம்போவில் கட்டி எடுத்துப் போனோம். ஆலையின் கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரி, ஐம்பது வயதுக்கு மேல், கண்ணாடி, சுருக்கமான பேச்சு. பக்கத்தில் மேனேஜர். எதிரில் தம்பி, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு. வாட்ச்மேன் சுவரோரமாக நின்றார். பளிச்சென்று வெளுத்த சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

நாங்கள் இறக்கிவைத்த கதவுகளைப் பார்த்ததும் மேனேஜர் சிரித்தார். "மேடம், பொம்மை ரயில் ஓட்டி விசாரணை பண்றது எங்க ஆலையிலதான் முதல் தடவை."

"பத்து நிமிஷம்தான்," என்றார் அதிகாரி. "ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். வண்டி நான்கு விரல் நகர்ந்து நின்றுவிட்டது. குமிழைத் திருகினேன், துள்ளிவிட்டு மறுபடி நின்றது. சிமெண்ட் ஆலை! காற்றெல்லாம் தூசி. கதவுகளை வைத்துக் கால் மணி நேரத்துக்குள் தண்டவாளத்தில் மாவு படிந்துவிட்டது.

"உங்க தம்பி வண்டியும் இப்படி நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் மேனேஜர்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லின் விலை எனக்குத் தெரியும், ஆனாலும் கடித்தேன். ஸ்பிரிட் புட்டியைத் திறந்து, முந்தானையால் தண்டவாளம் முழுவதையும் ஒரு இழுப்பில் துடைத்தேன். ஏழு வண்டிகளின் சக்கரத்தையும் துடைத்தேன். வீட்டுக்காரர் ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

வாட்ச்மேனை உட்கார வைத்து, அவருடைய ஜன்னல் அளவுக்கு வெட்டிய அட்டைக்குப் பின்னால் கண் வைக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதை அதிகாரி தனியே ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டுவார், வாட்ச்மேனுக்குத் தெரியாது. ஸ்டாப்வாட்ச்சும் அதிகாரி கையில்தான்.

முதலில் ஐந்து. "இது இல்ல மேடம்," என்றார் வாட்ச்மேன். அடுத்து இருபது. "ஐயோ, இது ரொம்ப ஜாஸ்தி." மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து பன்னிரண்டு. வாட்ச்மேன் யோசித்தார். அடுத்து எட்டு. இன்னும் யோசித்தார்.

"இதுவா, அதுக்கு முன்னாடியதா?" என்றார் அதிகாரி.

"முன்னாடியதுன்னுதான் தோணுது மேடம். இல்ல... இதுவா இருக்கலாம். சரியா சொல்லத் தெரியல."

"படுவேகம்னு எழுதியிருக்கீங்களே?"

"நான் படுவேகம்னு சொல்லல மேடம். மெதுவா வந்துச்சா வேகமா வந்துச்சான்னு சார் கேட்டாரு. வேகமாத்தான் வந்துச்சுன்னேன். நிக்காம வந்துச்சு, அதைச் சொன்னேன். 'படு' எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"கையெழுத்து உன்னோடதுதானே?" என்றார் மேனேஜர்.

வாட்ச்மேன் தலையைக் குனிந்தார்.

அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். தலைகீழாகப் படிக்க எனக்கு வரும், டாக்டர்களின் சீட்டை அப்படித்தான் படித்துப் பழக்கம். "சாட்சி உறுதியாகக் கூற இயலவில்லை. எட்டு அல்லது பன்னிரண்டு." பன்னிரண்டு என்றாலும் விதிமீறல்தான். பன்னிரண்டு என்றாலும் வேலை போய்விடும். பதினோரு நாள் கண் விழித்துச் செய்த வேலை, என் தம்பிக்கு நானே வெட்டிய குழியாகப் போய்விட்டது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை," என்றேன். "எட்டுல ஒரே ஒரு தடவை மேடம்."

"நேரம் முடிஞ்சுது மேடம்," என்றார் மேனேஜர்.

"ஓட்டுங்க," என்றார் அதிகாரி.

ஓட்டினேன். இந்த முறை நான் வண்டியைப் பார்க்கவில்லை. வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதாவது தெரியாதா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய வலது கை மேசைமேல் அசைந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் மரத்தில் எதையோ எழுதியது, கீழே இறங்கியது, மறுபடி எழுதியது.

"அண்ணே, என்ன எழுதுறீங்க?"

அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. பழக்கதோஷம். நம்பர் கண்ணுல பட்டா கை எழுதும்."

"எந்த நம்பர்?"

"வேகன் நம்பர்தான். உள்ள போற வேகன் ஒவ்வொண்ணையும் கேட் ரெஜிஸ்டர்ல எழுதணும்ல? ஜன்னல்ல தெரிஞ்சதும் எழுதிடுவேன். கடைசியா எஞ்சின் நம்பர்."

"அன்னைக்கும் எழுதினீங்களா?"

"எழுதாம இருப்பேனா? எஞ்சின் நம்பர் எழுதிட்டு இருக்கும்போதுதான் சத்தம் கேட்டுச்சு. பேனாவைப் போட்டுட்டு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள சார் ரெஜிஸ்டரை வாங்கிப் பூட்டி வச்சுட்டாரு."

பதினோரு நாளாக வேகம், கண், உயரம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த மனிதருடைய கை வண்டி வரும்போதே நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது! வேகம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நேரத்துக்குள் எவ்வளவு எழுத முடிந்தது என்பது தாளில் இருக்கிறது.

"அந்த ரெஜிஸ்டர் வேணும்," என்றார் அதிகாரி.

"அது விபத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ரெஜிஸ்டர் மேடம்..."

"இப்பவே வேணும்."

வந்தது. அதிகாரி பக்கத்தைத் திருப்பி எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். ஆறு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, அச்சடித்தது போன்ற எழுத்து. ஏழாவது வரியில் எஞ்சின் எண்ணின் முதல் இரண்டு இலக்கம். அதற்கு அப்புறம் பேனா தாளின் ஓரம் வரை ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அதிகாரி எழுந்து என் கதவுகளுக்கு அருகில் வந்தார். "வேகனோட வரிசையை மாத்திடறேன். மனப்பாடமா எழுதினார்னு யாரும் சொல்லக் கூடாது." இரண்டு வேகன்களைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். பிடித்த பிடியில் எனக்கு உயிர் போய் வந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வாட்ச்மேனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "நீங்க எப்பவும் எழுதுற மாதிரி எழுதுங்க. முதல் வேகன் வளைவுக்குப் போனதும் நான் ஸ்கேலால மேசையில தட்டுவேன். உடனே பேனாவை எடுத்துடணும்."

இப்போது மேனேஜருக்கு வேர்த்தது. "ஒரு நிமிஷம் மேடம். இது அடிப்படையிலயே தப்பு. ரயில் எண்பத்தேழுல ஒரு பங்கு, தூரம் எண்பத்தேழுல ஒரு பங்கு. அப்ப நேரமும் எண்பத்தேழுல ஒரு பங்காத்தானே இருக்கணும்?"

இந்தக் கேள்வியைச் சங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! எழுந்தே நின்றுவிட்டேன். "சார், வண்டியைத்தான் சின்னதாக்கினேன், அண்ணனைச் சின்னதாக்கல! அவரு கை, அவரு பேனா, அவரு எழுதுற வேகம் எல்லாம் அன்னைக்கு இருந்ததுதான். நொடியை வெட்டணும்னா முதல்ல அவரை வெட்டணும்."

வாட்ச்மேன் பயந்து என்னைப் பார்த்தார்.

"புரியுது, உட்காருங்க," என்றார் அதிகாரி. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இருபதுல ஓட்டுங்க."

இருபதில் வண்டி ஜன்னலைக் கடந்தபோது வாட்ச்மேன் குனிவதும் நிமிர்வதுமாகத் தவித்தார். ஸ்கேல் தட்டியது. பதினைந்து நொடி. இரண்டு எண் முழுதாக, மூன்றாவது பாதி. நான்காவது வேகன் எதுவென்றே அவர் பார்க்கவில்லை. "இப்படி வந்தா யாரால எழுத முடியும்?" என்று அவரே சலித்துக்கொண்டார்.

பன்னிரண்டு. நான்கு எண், ஐந்தாவதில் ஒரு இலக்கம்.

"எட்டு," என்றார் அதிகாரி.

குமிழைப் புள்ளிக்குத் திருப்பினேன். வண்டி கோடவுன் மறைவிலிருந்து வெளியே வந்தது. திக்கவில்லை, குதிக்கவில்லை. முதல் வேகன். பார்த்தார், எழுதினார். இரண்டாவது. பார்த்தார், எழுதினார். அவசரமே இல்லை. வேகன் வருவதும் பேனா இறங்குவதும் ஒன்றாகவே நடந்தன. பன்னிரண்டு வருடமாக ஒரே ஜன்னலில் உட்கார்ந்து செய்த வேலை. ஐந்தாவது. ஆறாவது. எஞ்சின் ஜன்னலுக்குள் வந்தது. பேனா ஏழாவது வரிக்கு இறங்கியது. தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஒரு இலக்கம். இரண்டு. மூன்று.

டக்.

அதிகாரி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். "முப்பத்தேழு நொடி." தாளை எடுத்து ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். இதில் ஆறு எண், மூன்று இலக்கம். அதில் ஆறு எண், இரண்டு இலக்கம்.

"ஒரு இலக்கம் வித்தியாசம் இருக்கே," என்றார் மேனேஜர். குரலில் பழைய தெம்பு இல்லை.

"ஆமா," என்றார் அதிகாரி. "அப்படிப் பார்த்தா அன்னைக்கு வண்டி எட்டை ஒட்டித்தான் வந்திருக்கு. பன்னிரண்டுல வந்திருந்தா எஞ்சின் நம்பர் வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். இருபதைப் பத்திப் பேசவே வேணாம்." பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே தலை நிமிராமல், "அந்த வளைவுல கட்டை உளுத்திருக்குன்னு டிரைவர் ரெண்டு தடவை எழுதிக் குடுத்ததா மனுவுல இருக்கு. அந்தக் கடிதம் ரெண்டும் எனக்கு வேணும், சார். அதுக்கு நீங்க என்ன பதில் எழுதினீங்களோ அதுவும்," என்றார்.

மேனேஜர் எழுந்து வெளியே போனார்.

வாட்ச்மேன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மன்னிச்சுக்கோ. சுவரு இடிஞ்சு கிடந்ததைப் பார்த்துட்டு எனக்கும் குழம்பிப் போச்சு."

"விடுங்கண்ணே. உங்க கையெழுத்துதான் என்னைக் காப்பாத்துச்சு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சிமெண்ட் கறை படிந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதேன். சந்தோஷம் நெஞ்சுக்குள் அடங்கவில்லை. பதினைந்து வருடம் மெதுவாக ஓட்டியதற்கு ஒவ்வொரு நொடிக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சொன்னார், மூக்கெல்லாம் சாம்பல் என்று. இருந்துவிட்டுப் போகட்டும்.

அதிகாரி கையெழுத்துப் போட்டு முடித்தார். "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. சஸ்பென்ஷன் இன்னையோட ரத்து. எப்ப வேலைக்கு வர்றீங்க?"

"இப்பவே மேடம்," என்றான் தம்பி. "பதினோரு நாளா வண்டியெல்லாம் தேங்கிக் கிடக்கு."

எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேராக வெளியே போய், யார்டைக் குறுக்கே கடந்து, எஞ்சினில் ஏறினான். ஜன்னல் வழியாக நாங்கள் எல்லோரும் பார்த்தோம். புகை கிளம்பியது. ஆலைக்குள் வண்டி கிளம்பும்போது ஒரு முறைதான் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. அவன் மூன்று முறை அடித்தான், நீளமாக, ஆலை முழுக்கக் கேட்கும்படி. வேண்டுமானால் மேனேஜர் அதற்கும் ஒரு குற்றப்பத்திரிகை எழுதட்டும்.